பாதியில் பார்க்கிற கண்

எட்சிங், அதாவது செம்புத் தகட்டில் படம் அரிக்கும் வேலை செய்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடியும் முன்பே ஒரு தாள் எடுத்துப் பார்த்துவிடுவோம். தகட்டில் கோடு போட்டு, ஒரு தடவை கரைசலில் விட்டு அரித்து, மையேற்றித் துடைத்து, ஈரத்தாளை மேலே போட்டு அச்சுப்பொறியில் ஓட்டினால் படம் எந்த நிலையில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு மறுபடியும் தகட்டுக்கே போவோம். ஓர் இடத்தில் இன்னும் ஆழமாக அரிப்போம், இன்னோர் இடத்தைச் சுரண்டி மெருகிட்டு அழிப்போம், மறுபடி ஒரு தாள் எடுப்போம். இந்த இடைத்தாளுக்கு ஸ்டேட் புரூஃப் என்று பெயர். நாங்கள் வேலை செய்கிற அறையில் வெறும் புரூஃப் என்போம். காய்வதற்கு அதைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். தொங்கினால் அறையில் இருக்கிற எல்லாரும் பார்ப்பார்கள். எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்யும் நண்பர்கள் முடியாத கேன்வாஸைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். எங்களுக்கு அது முடியாது.

ஓவியர்களுக்குக் கூட்டம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கயிற்றைத்தான் காட்டுவேன். கண்காட்சித் திறப்பு விழாவுக்கு வந்து நிற்பதற்கும் பொன்னாடை போர்த்துவதற்கும் ஆள் வேண்டும்தான். அதையெல்லாம் நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் வருவது படத்துக்குச் சட்டம் போட்ட பிறகு. சட்டம் போட்ட படத்தைப் பார்த்துச் சொல்ல என்ன இருக்கிறது? நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர மரியாதையாக வேறு எதுவும் சொல்ல முடியாது. படம் இன்னும் திருந்தக்கூடிய நேரத்தில், தன் கையிலும் மை அப்பிய ஒருவர் பக்கத்தில் வந்து நின்று பார்க்கிறாரே, அந்தப் பார்வைதான் ஓவியனுக்கு வேண்டும். அதற்காகத்தான் நாங்கள் கூடுகிறோம்.

நாங்கள் என்றால் மணலி, திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம், வியாசர்பாடிப் பக்கத்து ஆட்கள் சிலர். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு லேத் பட்டறையின் பின்பாதியில் எங்கள் அறை. முன்பாதியில் இரும்புச் சுருள் விழுந்துகொண்டிருக்கும். பின்பாதியில் நாங்கள். மணலிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த ஊர் காற்றில் வருகிற வாடையாகத்தான் தெரியும். மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1965-இல் தொடங்கப்பட்டது; 1969-இல் எண்ணெய் சுத்திகரிக்க ஆரம்பித்தது. அதையொட்டி உர ஆலை, பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளைப் பட்டியல் போட்டபோது மணலியும் அதில் இருந்தது. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தோம். ராத்திரியில் ஆலையின் ஃபிளேர்ச் சுடர் எரியும்போது மேகத்தின் அடிவயிறு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இங்கே வளர்கிற பிள்ளைகளுக்குக் கறுப்புக்குள் எத்தனை கறுப்பு உண்டு என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வரைகிற பிள்ளைகளுக்கு வடசென்னையில் பஞ்சமே கிடையாது. பெரியமேட்டில் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரிக்கு எங்கள் பக்கத்திலிருந்து தொடர்ந்து மாணவர்கள் போகிறார்கள். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. படிக்கிற காலம் வரை பெரிய ஜன்னல் வைத்த கூடம், பழைய மரங்கள், ஒரே மாடலைச் சுற்றி உட்கார்ந்து வரைகிற நண்பர்கள் என்று எல்லாம் இருக்கும். படிப்பு முடிந்த மறுநாள் எதுவும் இருக்காது. சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட், அனிமேஷன் கம்பெனி, பள்ளிக்கூட டிராயிங் வாத்தியார் வேலை, டாட்டூ கடை என்று பிரிந்து போவார்கள். பிழைப்புக்குப் போவதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் மடக்குக் கட்டிலுக்கு அடியில் காகிதச் சுருள் கிடக்க, பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல், இரண்டு மூன்று வருடத்தில் கை நின்றுபோகிறது. இப்படி நின்றுபோன நல்ல கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கவலை புதிதல்ல. கே.சி.எஸ். பணிக்கருக்கு இதே கவலை இருந்தது. 1957 முதல் பத்தாண்டுகள் அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அதற்கு முன்பே, 1944-இல், முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர். தன்னிடம் படித்துவிட்டுப் போகிறவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக ஓவியத்தை விட்டுவிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் செய்தது எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. புரவலரைத் தேடி அலையாமல், அரசிடம் மனு போடாமல், ஓவியர்களைப் பாத்திக் துணி செய்ய வைத்தார். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து, சாயத்தில் முக்கி, மெழுகு விரிசல் வழியே சாயம் ஊடுருவ விட்டு, கடைசியில் வெந்நீரில் மெழுகை எடுக்கிற வேலை. ஓவியனின் கைக்கு அது அந்நிய வேலை இல்லை, கோடும் வண்ணமும்தான். சந்தையில் விற்கவும் செய்தது. அந்தக் கைவினைக் காசைச் சேர்த்துத்தான் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் நிலம் வாங்கி, சோழமண்டலம் கலைக் கிராமத்தை உண்டாக்கினார்கள். அன்றைக்கு அது சவுக்கும் மணலுமாகக் கிடந்த இடம்.

சோழமண்டலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கே பிறந்த படங்களைப் பற்றியும் சென்னைப் பாணி என்று ஒன்று உருவானதைப் பற்றியும் எழுதுவார்கள். நான் பாத்திக்கைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். ஒரே மெழுகுச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து வேலை செய்கிற மனிதர்கள் ஒருவரையொருவர் வேறு மாதிரிப் பார்ப்பார்கள். இவன் கோடு எப்படி இழுக்கிறான், அவன் எங்கே கையை எடுக்கிறான் என்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். வாசுதேவ், விஸ்வநாதன், சேனாதிபதி, ஹரிதாசன், நந்தகோபால், ராமானுஜம் என்று அங்கே இருந்தவர்களின் படைப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மாதிரி ஒருவர் செய்யவில்லை. ஆனாலும் எல்லாரிடமும் கோட்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. கல்லூரியில் தனபாலும் சந்தானராஜும் முனுசாமியும் ஊட்டியது அதில் இருக்கும். மெழுகுச் சட்டிக்கும் ஒரு பங்கு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆதிமூலமும் வீர சந்தானமும் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்ததையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்தத் தலைமுறைக்குக் கைத்தொழிலும் ஓவியமும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தன.

ஓவியர்கள் கூடி வாழ ஆசை மட்டும் போதாது. கூட்டாகச் செய்கிற ஒரு வேலை வேண்டும், அல்லது தனியாக ஒருவர் வாங்க முடியாத ஒரு கருவி வேண்டும். பணிக்கர் முதல் வழியில் போனார். எங்களுக்கு வாய்த்தது இரண்டாவது.

எட்சிங் அச்சுப்பொறி என்பது இரண்டு உருளை, நடுவில் ஒரு இரும்புப் பலகை, மேலே அழுத்தம் கூட்டிக் குறைக்க இரண்டு திருகு, சுற்ற ஒரு சக்கரம். கேட்பதற்கு இவ்வளவுதான். விலைக்கு வாங்கப் போனால் எங்களில் யாருக்கும் கட்டுப்படியாகாது. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் பட்டறை இருக்கிறது. அங்கே பொறி உண்டு, வேலை தெரிந்த பெரியவர்கள் உண்டு. ஆர்.எம். பழனியப்பன் போன்ற ஒரு பதிப்போவியர் அங்கே மண்டலச் செயலாளராக இருந்திருக்கிறார் என்பதே எங்கள் தொழிலுக்குப் பெருமை. ஆனால் வேலை முடிந்த சாயங்காலத்தில் மணலியிலிருந்து கிரீம்ஸ் சாலைக்குப் போய்த் திரும்புவது ஆகிற காரியம் இல்லை. காகிதக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டப் பேருந்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்படித்தான் லேத் பட்டறைக்காரரிடம் போய்ப் பேசினோம். அவர் படம் போடுகிறவர் இல்லை. படத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "எவ்ளோ லோடு விழும், எவ்ளோ நீளம்?" என்று மட்டும் கேட்டார். காயலான் கடையில் கனமான சுவருள்ள தையல் இல்லாத குழாய்த் துண்டு கிடைத்தது. இரண்டு முனையிலும் தகடு வைத்து வெல்டிங் அடித்து, தண்டு பொருத்தி, சென்டர் பிடித்து லேத்தில் ஏற்றினார். டயல் கேஜை உருளை மேல் வைத்து மெதுவாகச் சுற்றினார். முள் ஆடியது. "அவுட் அடிக்குதுபா" என்று மறுபடி ஒரு மெல்லிய சீவல் எடுத்தார். முள் நிற்கும் வரை விடவில்லை. இதெல்லாம் எதற்கு என்றால், உருளை வட்டம் தப்பினால் ஒரு சுற்றுக்கு ஒரு இடத்தில் அழுத்தம் குறையும், தாளில் பட்டை பட்டையாக வெளிறும். உருளை வலு இல்லாமல் நடுவில் வளைந்தால் தகட்டின் ஓரம் கறுப்பாகவும் நடு நரைத்தும் பதியும். எங்கள் முதல் புரூஃப் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே கறுப்பாக வந்தது. தாளை உரித்து எடுத்ததும் அவர் படத்தைப் பார்க்கவில்லை, கறுப்பைப் பார்த்தார். ஒரு பதிப்போவியர் எதைப் பார்ப்பாரோ அதைத்தான் அவர் பார்த்தார்.

கலைஞர் சமூகம் என்றால் கலைஞர்கள் மட்டும் சேர்ந்திருப்பது என்ற எண்ணம் அன்றைக்கு என்னிடமிருந்து போயிற்று. தென்சென்னைக் காட்சிக்கூடங்களின் பக்கத்தில் இல்லாததை ஒரு குறையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். மணலியில் இருப்பதைச் சொல்வதில்லை. நூறில் ஒரு மில்லிமீட்டரை விரல் நுனியில் உணர்கிற டர்னர், தகட்டுக்குச் சரிவு ஓரம் இழைக்கத் தெரிந்த ஃபிட்டர், எந்த அமிலம் எந்த உலோகத்தை என்ன செய்யும் என்று தெரிந்த ஆலைத் தொழிலாளி எல்லாரும் எங்களுக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிறார்கள். உலோகத்தில் வேலை செய்கிற ஓவியனுக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

ஒரு சம்பவத்தைச் சொன்னால் இது இன்னும் தெளியும். கல்லூரி முடித்து வந்த ஒரு பெண், பைப்லைன்களை வைத்து ஒரு வரிசை செய்துகொண்டிருந்தாள். குழாய்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓடுகின்றன. நடுவில் பெரிதாக ஒரு இணைப்பு வளையம். நல்ல கோடு, நல்ல கறுப்பு. நாங்கள் எல்லாரும் அதன் அமைப்பைப் பற்றியும் வெற்றிடத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். டீ கொண்டு வந்த நேரத்தில் முன்பாதியிலிருந்து ஒரு ஃபிட்டர் எட்டிப் பார்த்தார். ஆலை ஷட்டவுன் வேலைகளுக்குப் போகிறவர். கயிற்றடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னாம்மா, பிளாஞ்சுல ஆறு போல்ட்டு போட்டுக்கற? நாலு, எட்டு, பன்னெண்டு, பதினாறுன்னுதான் வரும். அப்பறம் உச்சியில ஒண்ணு நேரா நிக்குது பாரு, அப்டி வராது. நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமா பிரிஞ்சி நிக்கும்."

"ஏன்ணா அப்படி?" என்றாள்.

"பைப்பு எப்டி திரும்பனாலும் வால்வு ஒக்காரணும்ல. எல்லாம் ஒரே கணக்குல இருந்தாதான் கழட்டி மாட்ட முடியும்."

போல்ட் எண்ணிக்கையில் படம் நிற்கிறதா என்று சிலர் நினைக்கலாம். ஓவியனுக்கு மாற்றி வரைய உரிமை இல்லையா என்றும் கேட்கலாம். உரிமை உண்டு. ஆனால் அறிந்து மாற்றுவது வேறு, பார்க்காமல் போடுவது வேறு. அந்தப் பெண் அடுத்த சில வாரங்கள் மணலி நெடுஞ்சாலை ஓரக் குழாய்ப் பாலங்களின் அடியில் நின்று ஸ்கெட்ச் செய்தாள். பிளாஞ்சுகளை மட்டும் பக்கம் பக்கமாக. அதற்குப் பிறகு வந்த தகட்டில் குழாய் கனத்தது. அதற்குள் ஏதோ ஓடுகிறது என்று தெரிந்தது. முன்னால் அது ஒரு அழகான வடிவம். இப்போது அது மணலியில் இருக்கிற குழாய். நாங்கள் வெற்றிடத்தைப் பற்றிப் பேசியது அவளுக்கு உதவியிருக்கலாம். போல்ட் கணக்கு கட்டாயம் உதவியது.

ஒரே அறையில் பலர் வேலை செய்வதால் கலையின் தொழில்நுட்பமே மாறியதற்கு உலக அளவில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. அதில் நம் பக்கத்து மனிதர் ஒருவருக்கு முக்கியமான இடம் உண்டு. பாரிஸில் 1927-இல் வில்லியம் ஹெய்டர் ஒரு பதிப்போவியப் பட்டறையைத் தொடங்கினார். பிற்பாடு தெருவில் இருந்த கதவு எண்ணை வைத்து அதற்கு அத்தலியே 17 என்று பெயர் வந்தது. ஆசிரியர், மாணவர் என்ற படிநிலை இல்லாமல், எல்லாரும் ஒரே மேசையில் ஒரே மையைத் தொட்டு வேலை செய்கிற இடம். போருக்குப் பிந்தைய வருடங்களில் அங்கே போய்ச் சேர்ந்தவர் கிருஷ்ணா ரெட்டி. 1925-இல் சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சாந்திநிகேதனில் படித்து, 1940-களின் இறுதியில் சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர்.

அதுவரை பல வண்ணத்தில் எட்சிங் அச்சிட வேண்டுமானால் பெரும்பாலும் வண்ணத்துக்கு ஒரு தகடு வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் பொருத்த வேண்டும். கிருஷ்ணா ரெட்டியும் ஹெய்டரும் கைகோ மோதி முதலான தோழர்களும் சேர்ந்து ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஒரே ஓட்டத்தில் அச்சிடும் வழியைக் கண்டார்கள். தகட்டைப் பல ஆழங்களில் அரித்துக்கொள்வது. எண்ணெய் அதிகம் கலந்த இளகிய மையைக் கெட்டியான ரப்பர் உருளையால் மேல்தளத்தில் ஏற்றுவது. பிறகு எண்ணெய் குறைந்த இறுகிய மையை மெத்தென்ற உருளையால் பள்ளத்துக்குள் தள்ளுவது. இளகிய மை இருக்கிற இடத்தில் இறுகிய மை ஒட்டாது. விலகி நிற்கும். மைகளின் இந்தப் பகையை வைத்தே வண்ணத்தைப் பிரிக்கிறார்கள். தனியாக உட்கார்ந்து ஒருவர் இதைக் கண்டிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் தகட்டில் மை ஒட்டவில்லையே என்று சலித்துக்கொள்ள, பக்கத்து மேசைக்காரர் ஒட்டாததையே உற்றுப் பார்க்கிற அறையில்தான் இது நடக்கும். பின்னாளில் ஹெய்டரோடு சேர்ந்து அந்தப் பட்டறையையே நடத்தினார் கிருஷ்ணா ரெட்டி. 2018-இல் நியூயார்க்கில் காலமானார். சென்னையில் பதிப்போவியம் செய்கிற பிள்ளைகள் அவர் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. துத்தநாகத் தகட்டை நைட்ரிக் அமிலத்தில் அரிப்பது சீக்கிரம் ஆகும். ஆனால் பழுப்புப் புகை கிளம்பும். மணலிக் காற்றில் இனி நாங்களும் ஒரு புகை சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்து, செம்பும் ஃபெரிக் குளோரைடும் மட்டும் வைத்திருக்கிறோம். ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு அரிக்க விற்பார்களே, அதே சரக்கு. புகை வராது. மெதுவாக, சுத்தமாகக் கோட்டைக் கடிக்கும். வண்டல் படியாமல் இருக்கத் தகட்டைக் குப்புற விட வேண்டும். அவ்வளவுதான். செத்துப்போன கரைசலில் செம்பு கலந்திருக்கும். அதைச் சாக்கடையில் கொட்டினால் எங்கே போய்ச் சேரும் என்று எண்ணூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாஷிங் சோடா போட்டுச் செம்பை அடியில் படிய வைத்து, வண்டலைக் காயவைத்து மூடி வைக்கிறோம். இந்த முறையை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆலையில் கழிவுநீர்ப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வந்து உட்கார்ந்து சோடாவின் அளவை அவரே பார்த்துக்கொள்வார். தனியாக வீட்டில் வேலை செய்கிறவனுக்கு இந்த ஒழுங்கு வருமா என்று சந்தேகம்தான். பக்கத்தில் ஆள் இருப்பதால்தான் பலவற்றைச் செய்யாமல் இருக்கிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்துக்குப் போனது உலகத்துக்கே தெரியும். படகும் வலையும் வீட்டுச் சுவரும் அலையாத்திச் செடியின் வேரும் கறுத்தன. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெய் அப்பிப் பறக்க முடியாமல் நின்றன. மீனவர்கள் பக்கெட்டால் எண்ணெய் அள்ளினார்கள். அந்த நாட்களில் அறையில் யாருக்கும் வேலை ஓடவில்லை. படம் போடுவதே அர்த்தமற்றது என்று ஒருவர் சொன்னார்; யாரும் மறுக்கவில்லை. பிறகு எண்ணூர்க் குப்பத்து இளைஞர் ஒருவர் எண்ணெய் ஊறிய ஒரு வலைத் துண்டைப் பிளாஸ்டிக் பையில் கொண்டு வந்தார். எங்களோடு லினோ வெட்டிக்கொண்டிருந்தவர். "இத அப்படியே தகட்டுல எடுக்க முடியுமாண்ணா?" என்று கேட்டார்.

முடியும். தகட்டில் வழக்கமான கெட்டி மெழுகுக்குப் பதில் கொழுப்புக் கலந்த இளகிய மெழுகைப் பூசி, துணியோ இலையோ வலையோ மேலே வைத்து அச்சுப்பொறியில் லேசாக ஓட்டினால், அது தொட்ட இடமெல்லாம் மெழுகை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அங்கே மட்டும் செம்பு திறந்துகொள்ளும். கரைசலில் விட்டால் வலைக்கண் வலைக்கண்ணாக, முடிச்சு முடிச்சாகப் பதியும். சிக்கல் என்னவென்றால் எண்ணெய் மெழுகைக் கரைக்கும். வலையைக் கழுவி விடலாம் என்றார் ஒருவர். கழுவினால் அது வேறு வலை என்றார் அந்த இளைஞர். கழுவாமலே வைத்தோம். எண்ணெய் கசிந்த இடங்களில் மெழுகு பொத்துப்போய், வேண்டாத இடத்திலெல்லாம் செம்பு புள்ளி புள்ளியாக அரிபட்டது. பாடப்புத்தகப்படி அது கெட்டுப்போன தகடு.

புரூஃப் கயிற்றில் ஏறியது. அதன் கீழே நடந்த விவாதம் போல எங்கள் அறையில் அதற்கு முன் நடந்ததில்லை. புள்ளிகளை மெருகிட்டு அழித்துவிட்டால் வலை துலங்கும் என்று பாதிப் பேர். அழித்தால் எண்ணெயை நாமே துடைத்துவிடுகிறோம் என்று மீதிப் பேர். நான் அழிக்கச் சொன்ன பக்கம் இருந்தேன். வலையின் முடிச்சுகள் அவ்வளவு அழகாக விழுந்திருந்தன, அவை தெரிய வேண்டும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்தக் கருத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்றே சொல்வேன். ஆனால் முடிவு அந்த இளைஞருடையது. எல்லாரையும் கேட்டுக்கொண்டார். இரண்டு நாள் தகட்டைத் தொடவில்லை. பிறகு புள்ளிகளை விட்டுவிட்டு, வலையின் ஒரு மூலையை மட்டும், கையளவு இடத்தை, வெள்ளையாகும் வரை மெருகிட்டார். எங்களில் யாரும் அந்த யோசனையைச் சொல்லவில்லை. எல்லாருடைய பேச்சிலிருந்தும் எடுத்துக்கொண்டு, யாருடைய பேச்சையும் கேட்காத ஒன்று அது. ஒரு கூட்டம் ஒரு ஓவியனுக்குச் செய்யக்கூடியது இதற்கு மேல் இல்லை.

எல்லாவற்றையும் கூட்டம் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சோழமண்டலத்தில் ராமானுஜம் இருந்தார். கறுப்புப் பேனாக் கோட்டில் கோபுரமும் நாகமும் தேவதையும் தொப்பிக்கார மனிதனும் நிறைந்த ஒரு கனவு நகரத்தையே கட்டியவர். பணிக்கர் அவரைக் கண்டு அரவணைத்தார். சுற்றிலும் ஓவியர்கள் வாழ்ந்த கிராமத்தில், அவ்வளவு பேர் நடுவே, அவர் தனிமையில்தான் இருந்தார். 1973-இல், முப்பது சொச்ச வயதில் போய்விட்டார். அவருடைய கோட்டை அந்தக் கிராமம் காப்பாற்றித் தந்தது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அறைக்கு வருகிற பிள்ளைகளில் பேசாமல் மூலையில் உட்கார்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். படத்தைப் பார்ப்பதோடு ஆளையும் பார்க்க வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்பதும் அறையின் வேலைதான்.

பெண்கள் வந்து வேலை செய்வது இன்னொரு விஷயம். கரைசல் தொட்டி நம் நேரத்துக்கு வேலை செய்யாது; ஒரு தகடு எட்டு மணிக்கு முடியலாம், பத்து மணிக்கும் முடியலாம். அந்த நேரத்தில் லாரிகள் ஓடும் சாலையில் ஒரு பெண் பேருந்துக்கு நிற்க முடியுமா? விம்கோ நகருக்கு மெட்ரோ வந்த பிறகு திருவொற்றியூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு ஓரளவு ஆறுதல். மணலிக்கு உள்ளே இன்னும் பழைய நிலைதான். அதனால் யார் வீட்டுக்கு யார் கொண்டு விடுவது என்பதை மை வாங்கும் கணக்கைப் போலவே எழுதி வைத்து நடத்துகிறோம். இதைப் பேசாமல் கலைச் சூழல், உரையாடல் என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கண்ணகி நகர் அடுக்குமாடிச் சுவர்களில் 2020 முதல் பெரிய ஓவியங்கள் வந்தன. போய்ப் பார்த்தேன். நல்ல கைகள். சுவருக்கு வண்ணம் வந்ததில் அங்கே இருப்பவர்களுக்கு மகிழ்ச்சி என்றால் எனக்கும் மகிழ்ச்சி. வடசென்னையிலும் ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியில் சுவர் ஓவியம் என்றால் சுலபமாகக் கிடைத்துவிடும். நான் கேட்பது சுவருக்கு உள்பக்கம். புகைப்படக்காரர் பழனிக்குமார் தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவப் பிள்ளைகளுக்கும் கேமராவைக் கையில் கொடுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். அந்தப் பிள்ளைகள் எடுக்கிற படங்களை வெளியிலிருந்து வருகிற யாராலும் எடுக்க முடியாது. ஓவியத்துக்கும் பதிப்போவியத்துக்கும் அப்படி நடக்க வேண்டும் என்றால் கதவும் விளக்கும் தண்ணீர்க் குழாயும் உள்ள அறை வேண்டும். மாநகராட்சிக்கு வடக்கு மண்டலங்களில் மூடிக் கிடக்கிற பழைய கட்டிடங்கள் இல்லாமல் இல்லை. ஒன்றைத் திறந்து கொடுத்தால் பொறியை நாங்களே செய்துகொள்வோம். செய்யத் தெரிந்தவர் முன்பாதியில்தான் இருக்கிறார். அடுத்த உருளைக்குக் குழாய் பார்த்து வைத்திருப்பதாகப் போன வாரம் சொன்னார். இந்த முறை இன்னும் நீளம், அதாவது இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்கிற அளவு பெரிய தகடு.

வர நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். செம்புத் தகடு விலை ஏறிவிட்டது; அதை வாங்கிக்கொண்டு வர வேண்டாம். லினோ துண்டு ஒன்று போதும், வெட்டுளி அறையில் இருக்கிறது. முடித்த படங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, எங்கே நிற்கிறது என்று தெரியாமல் பாதியில் விட்ட ஒன்றை எடுத்து வாருங்கள்.